ஆடியில் அவர், ஆவணியில் நான்

அடிஸ் அபாபாவில் டீச்சராக இருக்கிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது, அங்கே சிங்கம் தெருவில் திரியுமாமே, உண்மையா என்று. பொய். கழுதைதான் திரியும். அதுவும் நம் திண்டுக்கல் கழுதையைப் போலவே நடுரோட்டில் நின்று, லாரிக்காரன் இறங்கி வந்து கெஞ்சும்வரை யோசித்துக்கொண்டிருக்கும். இரண்டாவதாகக் கேட்பது, அம்புட்டுத் தூரத்தில் உனக்கு எப்படி வேலை கிடைத்தது என்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், வேலை கிடைக்கட்டும் என்று கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணம் செய்துகொண்டதாலேயே அந்த வேலை போக இருந்தது.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பி.எஸ்ஸி., பி.டி. முடித்த சூடு ஆறவில்லை. எதிரெதிராக ஓடும் ரயில்களையும் ஓட்டைத் தொட்டிகளையும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, நாமே அந்த ரயில் ஒன்றில் ஏறிப் போய்விட்டால் என்ன என்று இருந்தது. எங்கே என்று கேட்டால் தெரியாது. எங்காவது.

அறிவியல் டீச்சர் மெஹருன்னிசா என் சிநேகிதி. பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் குடும்பம். வெளிநாட்டில் தோல் என்ன விலை போகிறது என்று பார்க்க அவள் அண்ணன் இங்கிலீஷ் பேப்பர் வாங்குவார். அது மறுநாள் மெஹரின் டிபன் டப்பாவைச் சுற்றிக்கொண்டு எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வரும். ஒரு மத்தியானம் அவள் டப்பாவைத் திறக்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய் தனம், இங்க பாரு. அபிசீனியாவுல வேல.”

“அபிசீனியா எங்க இருக்கு?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அங்க ஆட்டுத்தோலு நல்லாருக்கும்னு அண்ணன் சொல்லும்.”

அதன் தலைநகர் அடிஸ் அபாபாவில் பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பள்ளி. தூதரகத்துக்காரர்கள், கம்பெனிக்காரர்கள் இவர்களின் பிள்ளைகள். கணக்குக்கு ஒருவர், பூகோளத்துக்கு ஒருவர் வேண்டும். பள்ளியின் கையில் காலி வீடு ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், அந்த இருவரும் கணவன் மனைவியாக இருத்தல் அவசியம்.

“கணக்கு இருக்கே,” என்றேன்.

“பூகோளத்துக்கு எங்கடி போவ?”

“தேடுறதுதான்.”

“யா அல்லா! சட்டைக்குப் பித்தான் தேடுற மாதிரியில்ல சொல்றா!” என்று மெஹர் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த தையல் டீச்சர் எழுந்து மணி அடித்துவிட்டதா என்று கேட்டார்.

என் அப்பா பக்கத்துக் கிராமமான அகரத்தில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் போடுகிறவர். கல்யாணப் பேச்சை நானே எடுத்ததில் அவருக்குப் பாதி சந்தோஷம். நான் போட்ட நிபந்தனையில் மீதியும் போய்விட்டது.

“நெலம் இருக்கான்னு கேப்பாங்க, வேல இருக்கான்னு கேப்பாங்க. நான் ஒவ்வொரு வீட்லயும் போயி ‘மாப்பிள்ளைக்குப் பூகோளம் இருக்கா’ன்னு கேக்கணுமாத்தா?”

ஆனாலும் கேட்டார். தமிழ்ப் பண்டிதர் ஒருவர் வந்தார். ரசாயனம் ஒருவர் வந்தார். டிரில் மாஸ்டர் ஒருவர், செத்த நேரம் கொடுத்தால் பூகோளத்தையும் படித்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று அகப்பட்டது. அந்த வீட்டில் விசித்திரமாக, வருகிற ஜாதகத்தை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, “பொண்ணு கணக்குங்களா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தங்கவேல் என்ற அந்தப் பூகோள ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துப் பிரித்தார். அதே விளம்பரம்! அவரும் மூன்று மாதமாகக் கணக்குப் பெண் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏனுங்க, நீங்க அல்ஜீப்ராவும் எடுப்பீங்களா?”

“எடுப்பேன். நீங்க ஆப்பிரிக்கா எடுப்பீங்களா?”

“எனக்கு ரொம்பப் புடிச்ச கண்டமுங்க.”

கதவுக்குப் பின்னால் என் அம்மா மார்பில் கைவைத்துக்கொண்டார். “நல்ல காரியம் பேசுற எடத்துல கண்டம் கிண்டம்னு பேசுறாரே மாப்பிள்ளை!”

இருவர் பெயரிலும் பள்ளிக்குத் தந்தி அடித்தோம்; அடுத்த வாரமே நேர்முகத் தேர்வு. பள்ளியின் தலைமையாசிரியர் நார்வேக்காரர். கொடைக்கானலில் இருந்த தங்கையைப் பார்க்க வந்தவர், மலை இறங்கி ரயில் ஏறுவதற்குள் கொடைரோடு ஸ்டேஷனில் எங்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். நான், தங்கவேல், துணைக்கு அப்பா என்று மூவரும் திண்டுக்கல்லில் பஸ் ஏறினோம். அம்பாத்துறை தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு ஆவியைக் கக்கி நின்றது. எல்லாரும் இறங்கி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயில் ஊற்றினோம். பட்டுச் சேலையில் நான் பாதி, அவர் கோட்டில் பாதி என்று நனைந்து, காய்ந்து, கொடைரோடு போய்ச் சேர்ந்தபோது ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

தலைமையாசிரியர் வெயிட்டிங் ரூமில் மலைவாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபோதே அவர் என் அப்பா நிற்கிற உயரம். கல்யாணம் ஆகாத நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாமா? அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

“இவர் என்ன பாடம்?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார் தலைமையாசிரியர்.

“இவர் என் அப்பா.”

அப்பா தன் பெயர் அடிபடுவதை உணர்ந்து, மடியில் வைத்திருந்த கத்தரிக்காய்ப் பையை அவரிடம் நீட்டினார். அவர் ஒரு காயை எடுத்து மோந்துபார்த்துவிட்டு, எந்தத் தேர்விலும் இப்படி ஒரு சான்று வந்ததில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. முன்பு வைத்திருந்த ஜோடி நடுவருஷத்தில் சண்டை போட்டுக்கொண்டு, கணவன் நைரோபிக்கும் மனைவி ரோமுக்கும் போய்விட்டார்களாம். ஒரே நாளில் சங்கீதமும் போச்சு, ரசாயனமும் போச்சு.

“அதனால் கேட்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போடுவீர்களா?”

தங்கவேல் எழுந்து நின்று பணிவாகச் சொன்னார்: “ஐயா, நாங்கள் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.”

தலைமையாசிரியர் சிரித்த சிரிப்பில் வெயிட்டிங் ரூம் புறா பறந்தது. வேலை எங்களுக்குத்தான் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: பள்ளி திறக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் இரண்டு வேலையும் வேறு ஜோடிக்குப் போய்விடும்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். இருவரும் பார்த்த வேலையை ராஜினாமா செய்தோம். புது ஆசிரியர்கள் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கப்பல் கிளம்பும் நாளைப் பார்த்தார் அம்மா. ஆடி.

“ஆடி பொறந்தா பொண்ணு எங்கிட்ட. மாப்பிள்ளை மட்டும் போகட்டும்.”

“அம்மா, அது வேற நாடும்மா. அங்க ஆடியே கெடையாது. ஜூலைதான்.”

“அங்க சூரியன் உண்டுல்ல? சூரியன் இருந்தா ஆடியும் உண்டு.”

அப்பா சமாதானத்துக்கு வந்தார். “கப்பல்ல ஆளுக்கொரு அறையில போகட்டுமே?”

“ஒரே கப்பல்ல போறது ஒரே வீட்ல இருக்கிற மாதிரிதான். நடுக் கப்பல்ல சுவரு வைக்கச் சொல்லுங்க, அனுப்புறேன்.”

கப்பல் கம்பெனிக்கு அதை யார் எழுதுவது? அவர் தனியாகக் கிளம்பினார். திண்டுக்கல் ஸ்டேஷனில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் இரண்டு வீட்டுச் சனம். “வாரேனுங்க,” என்று என் அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அங்கே போய் இறங்கியதும் தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி, மனைவி எங்கே. ஆடி மாதத்தில் புதுக் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கக் கூடாது என்றிருக்கிறார் இவர். ஏன்? ஆடியில் கூடினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், வெயில் தாங்காது என்பதை ஒரு நார்வேக்காரரிடம் இங்கிலீஷில் சொல்ல வெட்கப்பட்டு, “வெயில்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாராம். வெளியே அடைமழை. தலைமையாசிரியர் சந்தேகப்பட்டு எங்கள் வீட்டுக்கே தந்தி கொடுத்துவிட்டார்: மனைவி வராத காரணம் என்ன? அப்பா திண்டுக்கல் தபாலாபீசுக்குப் போய் பதில் தந்தி கொடுத்தார். ஒரே வார்த்தை: ஆடி.

ஆடி முடிந்தும் அம்மா விடவில்லை. “மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போகாம, பொண்ணு தானா மூட்டையக் கட்டிக்கிட்டுப் போனா ஊரு என்ன பேசும்?” அபிசீனியாவிலிருந்து அகரத்துக்கு வந்து கூட்டிப்போக முடியுமா? கடைசியில் ஒரு சமரசம். கப்பல் போய் நிற்கும் ஜிபூட்டித் துறைமுகத்துக்கு அவர் வந்து என்னை அழைத்துக்கொள்ள வேண்டும். துறைமுகத்தை அன்று ஒரு நாள் என் பிறந்த வீடாக வைத்துக்கொள்வது. அவரும் சரி என்று எழுதிவிட்டார்.

பம்பாய் வரை அப்பா வந்தார். கப்பலைப் பற்றி நான் அதிகம் எழுத முடியாது. பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை அறையில் கூட இருந்த இரண்டு கோவா நர்ஸுகள் சாப்பிட்டு, என் உடம்புக்கு ஆகாததை எல்லாம் தாங்கள் சுமப்பதாகச் சொல்லி ஆறுதல் தந்தார்கள். நடுவில் ஒரு துறைமுகத்தில் நிற்காமலே வந்ததால், கப்பல் சொன்ன நாளுக்கு முந்தியே ஜிபூட்டியை அடைந்துவிட்டது.

ஜிபூட்டி வெயிலுக்கு முன்னால் திண்டுக்கல் சித்திரை வெயிலை மார்கழி என்று சொல்லலாம். அவரைக் காணோம். துணிக்கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக் குடும்பம் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ரொட்டியும் இனிப்புப் பருப்பும் போட்டது. இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை. கடைக்காரர் சொன்னார்: “மேலே மலையில் பெருமழை. தண்டவாளம் எந்த நேரமும் போகும். இன்று ஒரு ரயில் போகிறது. அடுத்தது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். உன் கணவர் வந்தால் நான் சொல்கிறேன், நீ ஏறு.” பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. பள்ளியில் ஏதோ வேலையில் மாட்டிக்கொண்டிருப்பார், அதுதான் வரவில்லை என்று நினைத்தேன். அம்மா இல்லாத தைரியத்தில் ஏறிவிட்டேன்.

அந்த ரயில் மெதுவாகப் போவதில் நம் பழனி லைனைத் தோற்கடிக்கும். இறங்கி, முட்டை வாங்கி, உரித்து, தின்று, ஓடிவந்து ஏறலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். என் எதிரில் வெள்ளைப் பருத்திப் போர்வை போர்த்திய ஓர் அம்மாள், மடியில் ஓர் ஆட்டுக்குட்டியுடன். “அடிஸ் அபாபா?” என்று ரயிலைக் காட்டிக் கேட்டேன். அந்த அம்மாள் ‘ஹெக்’கென்று மூச்சை உள்ளே இழுத்தார். தண்டவாளம் போய்விட்டதா? தப்பான ரயிலா? பக்கத்துப் பெரியவரிடம் கேட்டேன். அவரும் ‘ஹெக்’. பெட்டி முழுக்கக் கேட்டேன். பெட்டி முழுக்க அதிர்ச்சி. கடைசியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு மாணவர் விளக்கினார்: அந்த ஊரில் ‘ஆமாம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்களாம். நான் திரும்ப ஒருமுறை எல்லாரையும் பார்த்து ‘ஹெக்’ என்றேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

பாலைவனம் போய், மலை வந்து, வேர்வை போய், நடுக்கம் வந்தது. கொடைரோட்டையும் கொடைக்கானலையும் ஒரே ரயிலில் கோத்ததுபோல. அடிஸ் அபாபாவில் மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு இறங்கி, குதிரை வண்டி பிடித்துப் பள்ளிக்குப் போனேன்.

தலைமையாசிரியர் வாசலுக்கே வந்தார். என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“உங்கள் கணவர் எங்கே?”

“அதை உங்களைக் கேட்கலாம் என்றுதான் வந்தேன்.”

“அவர் உங்களை அழைத்துவரப் போய் மூன்று நாளாகிறதே!”

அப்போதுதான் புரிந்தது. நான் ஏறிய ரயில் மேலே வர, அவர் ஏறிய ரயில் கீழே போக, நடுவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்திருக்கின்றன. நான் அந்த நேரத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்திருப்பேன். ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை ரயில்களைச் சந்திக்க வைத்திருக்கிறேன்! எப்போது சந்திக்கும், எங்கே சந்திக்கும் என்று கேட்டிருக்கிறேனே தவிர, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் மேஜைமேல் ஒரு சின்ன மரவீடு இருந்தது. அவர் ஊர்ப் பொம்மை. மழை வந்தால் அதிலிருந்து ஓர் ஆண் பொம்மை வெளியே வரும், வெயில் வந்தால் பெண் பொம்மை. இரண்டும் சேர்ந்து வராது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பள்ளியின் நர்ஸ் மரியா என்ற கிரேக்க அம்மாளின் வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் என் நாக்குக்கடியில் வெப்பமானியைச் செருகினார். ‘ஆடி’ என்ற நோயைத் தன்னிடம் உள்ள தடிப் புத்தகங்களில் எல்லாம் தேடியும் கிடைக்கவில்லையாம்; ஒரு மாதம் கணவனை நெருங்க விடாமல் செய்யும் நோய் என்றால் தொற்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கியிருந்தார். நான் வெட்கத்தை விட்டு விளக்கிச் சொன்னதும், வெப்பமானியை உதறிக்கொண்டே சொன்னார்: “உன் அம்மா கெட்டிக்காரி.”

மறுநாள் முதல் ஊர் பழக ஆரம்பித்தது. சாப்பாடு இஞ்சிரா. நம் ஆப்பத்தை மூன்று நாள் புளிக்கவைத்து, சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தால் அது. தட்டும் அதுவே, சோறும் அதுவே. மேலே சிவப்புச் சிவப்பாக வெஞ்சனங்களை ஊற்றி, கிள்ளித் தொட்டுத் தின்பது. மிளகாய் விஷயத்தில் அந்த நாட்டார் நமக்கு அண்ணன்மார். கடலைமாவுக் குழம்பு ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் அகரம். புதனும் வெள்ளியும் விரதம் என்று நாடே கறி, பால், முட்டை தொடாது. மெஹருக்கு இதை எழுதினால் அவள் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பேச்சு வேறாக இருந்தது. ஆசிரியர்கள் அறையில் நான் நுழைந்தால் தேநீர்க் கரண்டிச் சத்தம் நிற்கும். சுற்றி வளைத்து மரியாதான் சொன்னார்: “கோபித்துக்கொள்ளாதே. மனைவி ஒரு மாதம் வரவில்லை. மனைவி வருகிறாள் என்றதும் கணவன் ஊரைவிட்டே போய்விட்டான். இதற்கு எங்கள் நாட்டில் எல்லாம் ஒரே அர்த்தம்தான்.”

விருந்தினர் அறையில் ஸ்காட்லாந்துத் தம்பதி ஒன்று வந்து தங்கியிருந்தது. அவள் கணக்கு, அவர் பூகோளம். எங்களுக்குப் பதிலாகத் தயாராக வைத்திருந்த ஜோடி! நடந்தால் கைகோத்து நடந்தார்கள். உட்கார்ந்தால் கைகோத்து உட்கார்ந்தார்கள். தேநீரையும் ஆளுக்கு ஒரு கையால்தான் குடித்தார்கள். அவர்களைப் பார்த்தபோதெல்லாம் ராஜினாமா செய்த என் திண்டுக்கல் நாற்காலி ஞாபகம் வந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் வந்தது. உண்மையிலேயே அவர் ஓடிப்போயிருந்தால்? அவர் ஓடக்கூடியவரா இல்லையா என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவரோடு மொத்தமாகப் பேசியது ஒரு விளம்பரம், ஒரு கண்டம்.

திறப்பு நாள் வந்தது. அவர் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு வரை பொறுப்பதாகத் தலைமையாசிரியர் சொன்னார். காலையில் ஒரு வகுப்பு எடுங்கள் என்று அனுப்பினார். பதினொரு நாட்டுப் பிள்ளைகள். ஏழும் எட்டும் எத்தனை என்றேன். எல்லாரும் விரலை எடுத்தார்கள். ஜெர்மன் பையன் கட்டைவிரலில் தொடங்கினான், மற்றவர்கள் சுட்டுவிரலில். பத்து விரலும் தீர்ந்ததும் விழித்தார்கள். நான் நம் ஊர்க் கடைக்காரர்போல விரல் கணுவையும் நுனியையும் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு ஒரே கையில் பதினைந்தைக் காட்டினேன். வகுப்பே என் கையைப் பிடித்து, மீதி விரலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தது. வேலை போகிற நாளில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேகம்பூர்! மெஹர் வீட்டுக்குப் போகும் தெரு! பச்சைத் தோல் அடுக்கிய ஒரு லாரி பள்ளி முற்றத்தில் நின்றது. அதன் உச்சியிலிருந்து, கோட்டும் டையுமாக, தாடி வளர்ந்த ஒருவர் பெட்டியோடு இறங்கினார்.

ஜிபூட்டிக் கடைக்காரர் சொன்னதும் அடுத்த ரயிலில் திரும்பியிருக்கிறார். பாதி வழியில் தண்டவாளம் மழையில் போய்விட்டது. கிடைத்தது தோல் லாரிதான். ஒன்றரை நாள் தோல் மேல்.

முற்றத்துக்கு ஓடினேன். ஆசிரியர்கள், பிள்ளைகள், ஸ்காட்லாந்துக் கைகள், தலைமையாசிரியர் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெரியவர்கள் முன்னால் கணவனிடம் எப்படி ஒட்டி நிற்பது? பத்தடி தள்ளி நின்றேன். வாசனைக்கு அதுவே கிட்டம். அவரும் என்னைப் பார்க்காமல் என் பக்கத்துத் தூணைப் பார்த்தார்.

“சாப்டீங்களா?” என்று தூணைக் கேட்டார்.

“ம்,” என்றேன், லாரியிடம்.

அவ்வளவுதான். மாதக்கணக்கில் பிரிந்திருந்த புதுத் தம்பதியின் சந்திப்பு முடிந்துவிட்டது. நம் ஊரில் இதற்கு மேல் பேசியிருந்தால்தான் தவறு. ஆனால் சுற்றி நின்ற பதினொரு நாடும் பெருமூச்சு விட்டது. தலைமையாசிரியர் இவரைக் குளிக்க அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அம்மா, நான் இரண்டு வருஷத்துக்கு ஒரு வீட்டைக் கொடுக்கப்போகிறேன். நீங்களோ ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு அந்நியர்களைப்போல நிற்கிறீர்கள். நைரோபிக்கும் ரோமுக்கும் இன்னொரு ஜோடியை அனுப்ப எனக்குத் தெம்பில்லை.”

எங்கள் வழக்கம் அது என்றேன். முன்பு ஆடியும் உங்கள் வழக்கம் என்றுதானே சொன்னார்கள் என்றார்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் பின்னப்பட்ட ஒரு பெரிய கூடை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம், நடுவில் தலைமையாசிரியர். அவர் கோட்டுப் பையில் ஒப்பந்தம் எட்டிப் பார்த்தது. சமையல்கார அம்மாள் ஆல்மாஸ் இஞ்சிராவை விரித்து, குழம்பு ஊற்றி, எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு ஒரு பெரிய கவளமாகச் சுருட்டி நேரே என் கணவர் வாயில் திணித்தார். நான் எழுந்தே விட்டேன். மரியா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “உட்கார். இங்கே பிரியமானவர்களுக்குக் கையால் ஊட்டுவார்கள். மறுத்தால் அவமானம். இப்போது அவர் உனக்கு ஊட்ட வேண்டும் என்கிறாள்.”

ஸ்காட்லாந்துக்காரர்கள் பார்ப்பதற்கு வசதியாகக் கையை விட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் மெல்லுவதை நிறுத்தினார். அத்தனை பேர் பார்க்க ஆண் பிள்ளை கையால் வாங்கிச் சாப்பிடுவதா? அம்மாவுக்குத் தெரிந்தால் அகரம் ஆற்றில் விழுவார்.

அவர் கவளத்தோடு எழுந்து மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

“ஏனுங்க, வாயத் தெறங்க. இல்லாட்டி வேல போயிருமுங்க.”

“கை கழுவுனீகளா?”

“மூணு தடவைங்க. சோப்புப் போட்டு.”

திறந்தேன். கன்றுக்குட்டிக்குத் தவிடு வைக்கிற அளவில் வைத்தார். மிளகாய் கண்ணுக்கு ஏறி தாரை தாரையாகக் கொட்டியது. மரியா உருகிப்போய்த் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் கை கோட்டுப் பைக்குப் போனது, பாதியில் நின்றது. அழுகிற பெண்ணைப் பார்த்து அவர் இன்னும் குழம்பியிருக்க வேண்டும்.

ஆல்மாஸ் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். இப்போது என் முறை. நானும் அளவு பார்க்காமல் சுருட்டி நீட்டினேன். ஒன்றரை நாள் பட்டினி கிடந்த மனிதர். பாய்ந்து கவ்வியதில் என் சுட்டுவிரலும் உள்ளே போய்விட்டது.

“ஆத்தீ! மெதுவாத் திங்க மாட்டீகளா? என்ன அவசரம் இம்புட்டு? எங்க போகுது அது? என் வெரலு என்ன, வெஞ்சனமா?”

பேசிய பிறகுதான் எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்பது தெரிந்தது. அவர் வாய் நிறைய இஞ்சிராவோடு, “தெரியாமப் பண்ணிட்டேனுங்க,” என்றார்.

அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரி மட்டும் தன் கணவரைப் பார்த்து, “கிளம்பலாம். இவர்கள் தம்பதிதான்,” என்றாள். தலைமையாசிரியர் ஒப்பந்தத்தை இஞ்சிராவுக்குப் பக்கத்தில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, முதலில் என்னிடம் நீட்டினார்.